விளக்கு அணைந்தால் போதுமா?

(வாகனப் பாதுகாப்பு குறித்து நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் சாலை விதிகளைப் பற்றியும் வேகக் கட்டுப்பாட்டைப் பற்றியும் விளக்கமாகப் பேசிவிட்டார்கள். எனக்குத் தரப்பட்டிருப்பது சிறிய தலைப்பு. பரிசோதனையில் தேறுவதற்காகக் காரின் ஏர்பேக்கைச் சரிசெய்வது. தலைப்பைப் பார்த்ததும் ஏற்பாட்டாளர்களிடம் ஒன்று சொன்னேன். நான் பொறியியலாளர் அல்ல, தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பிழைப்பவள். ஆனால் இந்தத் தலைப்பில் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. இதே விஷயத்தில் நான் ஏமாற்றப்பட்டவள். இன்னும் உண்மையைச் சொன்னால், இதே விஷயத்தில் இன்னொருவரை ஏமாற்ற இருந்தவள். அந்தக் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

ஹாரன் அடிக்கவில்லை

2017-இல் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். 2009-ஆம் ஆண்டுக் கார். என்ன கார் என்று கேட்காதீர்கள், அது இங்கே தேவையில்லை. காஜாங்கில் இருந்து படப்பிடிப்புத் தளத்துக்கும், படப்பிடிப்புத் தளத்தில் இருந்து வீட்டுக்கும் ஆறு வருடம் உழைத்த கார். வெள்ளிக்கிழமைதோறும் என் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போன கார். அம்மாவுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றும். எப்போதும் முன்சீட்டில், என் பக்கத்தில்தான் உட்காருவார்.

2023-இல் அந்தக் காரை விற்க முடிவு செய்தேன். வாங்க வந்தவர் பந்திங் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர். என்னை அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் கிள்ளானில் ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறார். மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போக முடியாது, கிராப் பிடித்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் கார் தேடினார். 8,500 வெள்ளிக்குப் பேசி முடித்தோம்.

பேசி முடித்த அதே வாரத்தில் காரில் இரண்டு கோளாறுகள் சேர்ந்து வந்தன. முதலில் ஹாரன் அடிக்கவில்லை. மறுநாள் மீட்டர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது போலவும், அவர் முன்னால் ஒரு பந்து இருப்பது போலவும் படம் போட்ட விளக்கு. அதுதான் ஏர்பேக் விளக்கு.

நம் நாட்டில் கார் கைமாறுவது என்றால் என்ன நடைமுறை என்று உங்களுக்குத் தெரியும். சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றுவதற்கு முன்னால் காரைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சிவப்பு விளக்கு எரியும் காரை ஓட்டிக்கொண்டு அங்கே எப்படிப் போவது? எனக்கு அப்போது இருந்த கவலை அது ஒன்றுதான். அந்த விளக்கு எதற்காக எரிகிறது என்ற கவலை எனக்கு இல்லை. நேயர்களே, இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தவறும் அங்கேதான் தொடங்குகிறது.

80 வெள்ளி வேலை

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"தங்கச்சி, விக்கிற வண்டிதானே? எதுக்குக் காசைக் கொட்டுறீங்க? மீட்டரைக் கழட்டி அந்த பல்ப்பை எடுத்துடுறேன். வேணும்னா வேற விளக்கு வயரோட சேர்த்துக் கட்டிவிடுறேன், சாவி போட்டா எரியும், இன்ஜின் ஸ்டார்ட் பண்ணா அணைஞ்சிடும். யாருக்கும் தெரியாது. 80 வெள்ளி கொடுங்க."

நான் கோபப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நன்றி சொல்லிவிட்டு, "நாளைக்குக் காலையில கொண்டு வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அது தவறாகவே தோன்றவில்லை. பரிசோதனையில் தேற வேண்டும், அதற்கு விளக்கு அணைய வேண்டும், அதற்கு 80 வெள்ளி. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அன்று இரவு அந்தத் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, அம்மா கேக்கச் சொன்னாங்க. முன்சீட்டை நல்லா பின்னால சாய்க்க முடியுமா? டயலிசிஸ் முடிஞ்சு வரும்போது அவங்களால நிமிர்ந்து உக்கார முடியாது." முடியும் என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை. அந்த அம்மாளும் என் அம்மாவைப் போல முன்சீட்டில்தான் உட்காரப் போகிறார் என்பது அதுவரை என் மனத்தில் படவே இல்லை.

மறுநாள் நான் அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. எங்கள் ஒளிப்பதிவாளர் ஒருவர் சொன்ன வேறொரு பட்டறைக்குப் போனேன். கார் மின்சார வேலையில் அறுபது வயதைத் தொட்ட ஒரு பெரியவர் நடத்தும் பட்டறை அது. இனி நான் சொல்லப் போகும் நுணுக்கங்கள் எல்லாம் அவரிடம் கேட்டும், பிறகு தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவை.

கண் இமைப்பதற்குள்

ஏர்பேக் என்பது ஸ்டீயரிங்குக்குள் மடித்து வைத்த ஒரு பை மட்டும் அல்ல. அது ஒரு குடும்பம் மாதிரி. காரின் முன்பகுதியில் மோதலை உணரும் கருவிகள் இருக்கின்றன. பெரும்பாலும் கியர் பகுதிக்குக் கீழே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. பைக்குள் வாயுவை நிரப்பும் கருவி இருக்கிறது. மோதல் நடந்ததும் உடலோடு இறுகும் இருக்கைப் பட்டையும் இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான். இவை எல்லாவற்றையும் இணைக்கும் வயர்களுக்குப் பெரும்பாலான கார்களில் மஞ்சள் நிற உறையோ மஞ்சள் நிற இணைப்பியோ போட்டிருப்பார்கள். தெரியாமல் யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது.

மோதல் நடந்தால் பெட்டி முடிவெடுத்துக் கட்டளை அனுப்பி, பை விரிந்து முடிக்க ஒரு விநாடியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. நாம் ஒருமுறை கண் இமைக்கும் நேரம் அதைவிட நீளம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, 1987 முதல் 2017 வரை அந்த ஒரு நாட்டில் மட்டும் முன்பக்க ஏர்பேக்குகள் 50,000-க்கும் அதிகமான உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன.

இவ்வளவு விரைவாக வேலை செய்ய வேண்டிய ஒன்று தயாராக இருக்கிறதா என்று யார் பார்ப்பது? அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியேதான் பார்க்கிறது. நீங்கள் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது தன் குடும்பத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, "இருக்கிறாயா?" என்று கேட்கிறது. அந்த நேரத்தில் விளக்கு சில விநாடிகள் எரியும். எல்லாரும் பதில் சொன்னால் விளக்கு அணையும். ஒருவர் பதில் சொல்லாவிட்டாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அல்லது மின்னிக்கொண்டே இருக்கும். விபத்து நடந்தால் நான் உதவிக்கு வருவேன் என்று நம்பாதே என்பதுதான் அந்த விளக்கு நமக்குச் சொல்லும் செய்தி.

அந்த பல்ப்பைக் கழற்றினால் என்ன நடக்கிறது? கோளாறு அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லும் வாயை மட்டும் கட்டிவிடுகிறோம்.

டேஷ்போர்டுக்குள் கிடந்தது

அந்தப் பெரியவர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். ஏர்பேக் கோளாறைப் படிக்க அதற்கேற்ற ஸ்கேனர் வேண்டும், கடையில் விற்கும் மலிவான சின்னக் கருவிகள் பல இன்ஜின் கோளாறை மட்டும்தான் படிக்கும் என்றார். ஸ்டீயரிங் பக்கத்துப் பைக்குப் போகும் இணைப்பு அறுந்திருப்பதாக ஸ்கேனர் காட்டியது.

"ஹாரனும் அடிக்கலைன்னு சொன்னீங்கல்ல மா? அப்போ கிளாக் ஸ்பிரிங்தான்" என்றார்.

ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் சுற்றுகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் பைக்கு மின்சாரம் விடாமல் போக வேண்டும். அதற்காகக் கடிகாரச் சுருள்வில் போலச் சுற்றிய ஒரு தட்டை வயரை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு வட்டப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதுதான் கிளாக் ஸ்பிரிங். ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி அந்த வயர் ஒருநாள் அறுந்துபோகும். ஹாரனுக்கான வயரும் பெரும்பாலும் அதன் வழியாகவே போவதால் இரண்டும் சேர்ந்து போயின. அந்தப் பாகத்துக்கு 420 வெள்ளி, கூலி 150 வெள்ளி, ஆக 570 வெள்ளி என்றார். ஒப்புக்கொண்டேன்.

விளக்கு எரிந்தால் உடனே பெரிய செலவு என்று பயந்துவிடக் கூடாது என்றும் அவர் சொன்னார். முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் இணைப்பி தளர்ந்திருந்தாலும் விளக்கு எரியும். கார் கழுவும்போது சீட்டை இழுத்துத் தள்ளுவதாலும், சீட்டுக்கு அடியில் குடையையும் தண்ணீர்ப் புட்டியையும் திணிப்பதாலும் அப்படி ஆகிவிடுகிறதாம். பேட்டரி வலு குறைந்திருந்தாலும் சில கார்களில் விளக்கு எரியும். காரணம் தெரியாமல் பயப்படவும் வேண்டாம், காரணம் தெரியாமல் பல்ப்பைக் கழற்றவும் வேண்டாம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் சாவியை எடுத்தார், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினார், பிறகு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என்ன அங்கிள், வேலை செய்யவில்லையா என்று கேட்டேன். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும், விபத்தில் பேட்டரி நசுங்கிப் போனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், அது வடிவதற்குள் கை வைத்தால் முகத்தில் அடிக்கும் என்றார். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். வீட்டில் தானே பழுதுபார்க்கலாம் என்று நினைக்கும் தம்பிமார்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் கட்டை மாற்றுவது போன்ற வேலை அல்ல இது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இன்று இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன். காத்திருந்த நேரத்தில் அவர் பார்வை முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் டேஷ்போர்டின் மேல் போனது. அங்கே ஏர்பேக் மூடி இருக்கும் இடத்தில் ஓர் ஓரம் லேசாகத் தூக்கி நின்றது. நிறமும் ஒரு பொட்டு மாறியிருந்தது. ஆறு வருடமாக அதன் மேல் பிள்ளையார் சிலையை ஒட்டி வைத்திருந்தவள் நான். என் கண்ணில் அது பட்டதே இல்லை.

கையுறைப் பெட்டியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இங்க வந்து பாருங்க மா" என்று கூப்பிட்டார்.

உள்ளே ஏர்பேக் இல்லை. பை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மஞ்சள் வயரின் முனையில், கறுப்பு டேப் சுற்றி, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பொருள் மாட்டியிருந்தது. ரெசிஸ்டர் என்றார். எந்த மின்பொருள் கடையிலும் சில காசுக்குக் கிடைக்கும் பொருள். கட்டுப்பாட்டுப் பெட்டி "இருக்கிறாயா?" என்று கேட்கும்போது, ஏர்பேக் இருந்தால் என்ன பதில் வருமோ அதே பதிலை இந்த ரெசிஸ்டர் சொல்லும். பெட்டியும் நம்பிவிடும். விளக்கும் ஒழுங்காக அணைந்துவிடும்.

"முன்னாடி பலமா அடிபட்ட வண்டி மா. ரெண்டு பையும் வெடிச்சிருக்கும். டிரைவர் பக்கம் மாத்திட்டாங்க. இந்தப் பக்கம் மாத்தக் காசு கொடுக்க மனசு வரல போல."

ஆறு வருடம். வெள்ளிக்கிழமைதோறும் என் அம்மா உட்கார்ந்து வந்த இடம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் அம்மாவை அழைத்துப் போயிருக்கிறேன். அவருக்கு எதிரே இருந்தது வெறும் பிளாஸ்டிக் மூடியும் ஒரு பிள்ளையாரும் மட்டும்தான். பிள்ளையார் காப்பாற்றினார் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். நான் மறுக்கவில்லை.

எனக்கு அந்தக் காரை விற்றவர் மேல் பொங்கி எழுந்த கோபத்தை உங்களால் புரிந்துகொள்ள முடியும். ஆனால் அந்தக் கோபம் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. ஏனென்றால் முந்தின நாள்தான் நானும் 80 வெள்ளி கொடுத்து அதே வேலையைச் செய்ய ஒப்புக்கொண்டிருந்தேன். அவர் என் அம்மாவுக்குச் செய்ததை நான் அந்தத் தம்பியின் அம்மாவுக்குச் செய்ய இருந்தேன். அவரும் ஒருவேளை கெட்டவராக இல்லாமல் இருக்கலாம். அவரும் விளக்கு அணைந்தால் போதும் என்று மட்டும் நினைத்திருக்கலாம்.

மூன்று வாரம், 2,700 வெள்ளி

இனி என்ன செய்வது? புதிய ஏர்பேக்குக்கு 1,900 வெள்ளி, பொருத்தும் கூலி 230 வெள்ளி. கிளாக் ஸ்பிரிங்கோடு சேர்த்து மொத்தம் 2,700 வெள்ளி. பாகம் வந்து சேர மூன்று வாரம் ஆகும். 8,500 வெள்ளிக்கு விற்கும் காருக்கு 2,700 வெள்ளி செலவா என்று என் கணக்கு மறுபடியும் தலைதூக்கியது.

ஹாஃப் கட் கடையில் பழைய ஏர்பேக் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டேன். பெரியவர் தலையை ஆட்டினார். கதவு, பம்பர், விளக்கு எல்லாம் பழையதாக வாங்கலாம், ஏர்பேக்கை மட்டும் நான் பழையதாக மாட்டுவதில்லை என்றார். அது எத்தனை வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்தது, வெள்ளத்தில் மூழ்கிய காரில் இருந்து வந்ததா என்று யாருக்கும் தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. சோதிப்பது என்றால் வெடிக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இணையத்தில் வரும் மலிவான போலிகள் அதைவிட ஆபத்து. 2024 ஜூலையில் அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. விபத்துக்குப் பிறகு ஏர்பேக்குகளுக்கு மாற்றாகப் பொருத்தப்பட்ட மலிவான, தரமற்ற பாகங்கள் அடுத்த விபத்தில் வெடித்துச் சிதறி, ஒன்பது மாதத்தில் மூன்று பேர் இறந்தார்கள், இரண்டு பேர் கடுமையாகக் காயமடைந்தார்கள். அவர்களும் பழைய கார்தான் வாங்கினார்கள். அவர்களுக்கும் விளக்கு ஒழுங்காகத்தான் அணைந்திருக்கும்.

அந்தத் தம்பியை அழைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். 80 வெள்ளிக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "செலவு ரொம்ப ஆகுதுன்னா விடுங்கக்கா, அம்மாவைப் பின்னால உக்கார வச்சுக்கிறேன்" என்றார். அந்தச் சொல்தான் என்னை முடிவெடுக்க வைத்தது. விற்பவள் நான், ஏமாந்தவள் நான், ஆனால் விட்டுக்கொடுக்க முன்வந்தவர் அவர். மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டுப் புதிய பாகத்துக்குப் பணம் கட்டினேன். பேசிய விலையையும் ஏற்றவில்லை. 8,500-இல் செலவு போக என் கைக்கு வந்தது 5,800 வெள்ளி. வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அதே தாள்

பிறகு பரிசோதனைக்குப் போனேன். இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பத்திரத்தோடு ஒப்பிட்டார்கள். கண்ணாடியின் கறுப்பைப் பார்த்தார்கள். கார் தேறியது. தேறியதற்கான தாளையும் கொடுத்தார்கள்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். 2017-இல் எனக்கு இந்தக் கார் கைமாறியபோதும் இதே மாதிரி ஒரு தாள் கிடைத்தது. அன்றைக்கு டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. தாள் ஒன்றுதான். இதற்காக நான் பரிசோதகர்களைக் குறை சொல்லவில்லை. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு காரின் டேஷ்போர்டையும் அவர்கள் கழற்றிப் பார்க்க முடியாது. அவர்கள் கண்ணுக்குத் தெரிவதைத்தான் அவர்கள் பார்க்க முடியும்.

சட்டத்தை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடுமா? ஜப்பானைப் பாருங்கள். நம் நாட்டில் ஓடும் ரீகண்டிஷன் கார்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. அங்கே 2017 பிப்ரவரியில் இருந்து ஏர்பேக் விளக்கு எரிந்தபடி ஒரு கார் வந்தால் அதைப் பரிசோதனைக்கே ஏற்றுக்கொள்வதில்லை. பிரிட்டனிலும் ஆண்டுப் பரிசோதனையில் அந்த விளக்கு எரிந்தால் கார் தேறாது. நல்ல சட்டங்கள்தான். நம் நாட்டிலும் அப்படி வரட்டும், வரவேற்போம். ஆனால் எந்தச் சட்டமும் விளக்கைத்தான் பார்க்கிறது. விளக்குக்குப் பின்னால் இருப்பது ஏர்பேக்கா, சில காசு ரெசிஸ்டரா என்பது அதைக் கழற்றியவருக்கும் அவருக்குப் பணம் கொடுத்தவருக்கும் மட்டும்தான் தெரியும்.

கார் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய கார் வாங்கப் போகும் நேயர்களே, நீங்களே செய்யக்கூடிய சில சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்ப் கழற்றப்பட்டிருக்கலாம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் அதே நொடியில் வேறொரு விளக்கோடு ஒட்டிக்கொண்டு அணைந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, ஸ்டீயரிங்கின் நடு மூடியையும் முன்சீட்டுக்கு எதிரே உள்ள டேஷ்போர்டையும் விரலால் தடவிப் பாருங்கள். பசை, மேடு பள்ளம், நிற மாற்றம், சாயம் இருந்தால் காரணம் கேளுங்கள்.

மூன்றாவது, விற்பவர் சொல்லும் பட்டறைக்குப் போகாமல் உங்களுக்குத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோய் ஏர்பேக் படிக்கும் ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். என் காரைப் போல ரெசிஸ்டர் மாட்டியிருந்தால் ஸ்கேனரும் ஏமாறும். அதனால், அடிபட்ட கார் என்று தெரிந்தால் கையுறைப் பெட்டியைக் கழற்றிக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது, திரும்ப அழைக்கப்பட்ட ஏர்பேக்கா என்று பாருங்கள். தக்காத்தா நிறுவனத்தின் ஏர்பேக் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் நாள்பட்டுக் கெட்டு, பை விரியும்போது உலோகக் கூடு வெடித்துத் துண்டுகளாகப் பாய்ந்தது. நம் நாட்டைப் போல ஆண்டு முழுவதும் வெயிலும் ஈரமும் உள்ள இடங்களில் அந்த ஆபத்து அதிகம். 2014 ஜூலையில் சரவாக்கின் சிபு நகரில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் அப்படித்தான் உயிரிழந்தார். அமெரிக்காவுக்கு வெளியே அந்த ஏர்பேக்கால் நேர்ந்த முதல் மரணம் அது. 2016-இலும் நம் நாட்டில் உயிர்கள் போயின. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன, அந்த நிறுவனமும் 2017-இல் திவாலானது. ஆனால் இன்னும் மாற்றப்படாத கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கார் நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ சேவை மையத்திலோ சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். மாற்றித் தருவது இலவசம். காரை இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியவர்களுக்கு அந்த நிறுவனம் அனுப்பிய கடிதம் வந்திருக்காது. அது பழைய முகவரிக்குப் போயிருக்கும். ஆகவே நாமே போய்க் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஏர்பேக் இருக்கிறது என்று இருக்கைப் பட்டையை விட்டுவிடாதீர்கள். ஏர்பேக் என்பது பட்டைக்குத் துணை, பட்டைக்கு மாற்று அல்ல. பட்டை போடாமல் முன்னால் பாய்ந்து வரும் உடலை அந்த வேகத்தில் விரியும் பை காயப்படுத்தவும் கூடும். ஸ்டீயரிங்கில் இருந்து நெஞ்சுக்குக் குறைந்தது 25 செண்டிமீட்டர் இடைவெளி விட்டு உட்காருங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காராதீர்கள். பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஏர்பேக்குக்கு எதிரே ஒருபோதும் வைக்காதீர்கள்.

விற்போர் கவனத்துக்கு

இன்னும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வாங்குகிறவருக்கு நான் நான்கு சோதனைகள் சொன்னேன். விற்கிறவருக்கு ஒரே ஒரு சோதனைதான். விற்கும் காரின் முன்சீட்டில், உங்களுக்கு மிகவும் வேண்டிய ஒருவரை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் அனுப்புவீர்களா? ஆம் என்றால் தைரியமாக விற்றுவிடுங்கள். இல்லை என்றால், பழுதைச் சரிசெய்து விற்றுவிடுங்கள், அல்லது பழுதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள். சரிசெய்யப் பணம் இல்லை என்பது குற்றம் அல்ல. நம்மில் பலருக்கு அந்த நிலைமைதான். ஆனால் மறைப்பது குற்றம்.

பட்டறை நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். "பல்ப்பைக் கழட்டிடுங்க" என்று எங்களைப் போன்றவர்கள் வந்து கேட்போம். முடியாது என்று சொல்லுங்கள். அந்தப் பெரியவர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவரிடம் நான் 80 வெள்ளி வேலையைக் கேட்கவே துணியவில்லை.

போன தீபாவளிக்கு அந்தத் தம்பி அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கார் வாசலில் நின்றது. அந்த அம்மாள் முன்சீட்டில் இருந்து மெதுவாக இறங்கினார். டேஷ்போர்டின் மேல் புதிதாக ஒரு பிள்ளையார் இருந்தார். தம்பி, ஏர்பேக் மூடி மேல எதையும் ஒட்டக் கூடாது, விரியும்போது முகத்துல அடிக்கும் என்று சொல்லி, அவரை எடுத்துக் கண்ணாடி ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் வைத்துக் கொடுத்தேன். என் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்தக் காரின் கதை முழுவதும் தெரியும். அந்த அம்மாளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனவர் அவர்தான்.